வாய்க்கு வந்த ஒரே சொல்

அது 1958-ஆம் வருஷம். சங்கரன்கோவிலில் பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தேழு. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மேல ரத வீதியை ஒட்டின ஒரு சந்தில் வீடு. எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். கணவரை இழந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் வாயைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

எனக்கு அப்போது மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். நான் ஒரு வரி சொன்னால் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். இரண்டாவது வரிக்கு எனக்கு மூச்சு மிஞ்சாது. பிள்ளைகளே அடுத்த வரியைத் தொடங்கிவிடும். ஒரு சின்னக் குட்டி, "டீச்சர், ஓடியா வந்தீக?" என்று கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன்.

கிணற்றில் இரண்டு வாளி இறைத்தால் மூன்றாவது வாளிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கோயில் பிராகாரம் ஒரு சுற்றுச் சுற்ற இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். படுத்தால் மூச்சு முட்டும் என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து கிடப்பேன். ரத்தம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மதினி தினமும் முருங்கைக்கீரை ஆய்ந்தார். கீரைதான் தீர்ந்தது, மூச்சு வாங்குவது தீரவில்லை.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. பிறகு, சின்ன வயசில் காய்ச்சல் வந்து மூட்டு மூட்டாக வீங்கியதா என்று கேட்டார். பதினோரு வயதில் வந்தது; ஒரு மாசம் படுக்கையில் கிடந்தேன். இவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது.

"அந்தக் காய்ச்சல் போகும்போது ஒரு வேலை செஞ்சிட்டுப் போயிருக்கும்மா. இருதயத்துக்குள்ளே ரத்தம் போற வாசல் ஒண்ணு ஒடுங்கிப் போச்சு. மருந்தால திறக்காது. மெட்ராஸ்ல இப்ப இதுக்கு ஆபரேஷன் செய்யறாங்க. செஞ்சுக்கிட்டா நீங்க நல்லா இருப்பீங்க" என்றார்.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் கணவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ரயிலேறி மெட்ராஸ் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர் சிரித்த முகம். துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்துக்குள் விரலை விட்டு அந்த வாசலை அகலமாக்கிவிடுவோம் என்று எனக்கே விளக்கினார்.

"விரலையா?" என்றேன்.

"இந்த விரல்தான்" என்று வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். பயமே போய்விட்டது. உடனே சரி என்றேன்.

அப்புறம் அவர், "நீங்க கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கம்மா. சார்கிட்ட பேசணும்" என்றார். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணுமில்லட்டி. கையெழுத்துக் கேட்டாக. போட்டுட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெண்கள் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் தெலுங்குக்கார அம்மா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நெல்லூர்ப் பக்கம் என்று நர்ஸ் சொன்னாள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் விளக்கு அணைக்கிறவரை பேசுவார். எனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நானும் நம் ஊர்த் தமிழில் பதில் சொல்லுவேன். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி, மதினியைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஆபரேஷன் முடிந்து எனக்கு நினைவு வந்தது ஒரு பகல் பொழுதில். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்து கிடந்தது. எனக்கு முதலில் தெரிந்தது மூச்சு. உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவு லேசாக, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி. இடது பக்கம் விலாவில் தையல் போட்ட இடம் சுருக்கென்று வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று இருந்தது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு நான் சரியாக மூச்சு விடுகிறேன்!

அப்புறம் பக்கத்தில் ஒரு கை கிடப்பதைப் பார்த்தேன். யாருடைய கையோ என் போர்வைமேல் கிடக்கிறது, எடுத்து நகர்த்தலாம் என்று நினைத்தேன். அதில் என்னுடைய வளையல் தழும்பு இருந்தது. என் வலது கை. தூக்கப் பார்த்தேன். வரவில்லை. கால் கொஞ்சம் அசைந்தது. கை சும்மா கிடந்தது.

தண்ணீர் தவித்தது. நர்ஸ் பக்கத்தில் வந்தாள். தண்ணீர் வேண்டும் என்று சொன்னேன். அதாவது, சொன்னதாக நினைத்தேன். என் காதில் விழுந்தது, "சீப்பு."

நர்ஸ், "என்னம்மா?" என்றாள்.

"சீப்பு" என்றேன். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். என் மனசுக்குள் தண்ணீர் தெளிவாக இருந்தது. எங்கள் வீட்டுச் செம்பு, அதிலிருக்கும் தண்ணீர், அதன் குளிர்ச்சி, எல்லாம் இருந்தது. அந்தச் சொல் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் சீப்பு இருந்தது. வாயைத் திறந்தால் அதுதான் வெளியே வந்தது.

நர்ஸ் போய் ஒரு சீப்பைக் கொண்டுவந்து என் தலையை வாரிவிட ஆரம்பித்தாள். நான் அழுதேன். என் கணவர் ஓடிவந்தார். அவரிடமும் "சீப்பு, சீப்பு" என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி, இதோ வாரேன்" என்று வெளியே ஓடினார். கால் மணி நேரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தப் பழத்தை இடது கையால் தள்ளிவிட்டேன். தரையில் சிதறியது. பக்கத்துக் கட்டில் தெலுங்கம்மாதான் என் உதட்டைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து, தம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என் கணவரிடம்தான் பேசினார். வாசல் ஒடுங்கியிருந்ததால் இருதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாக இருந்திருக்கிறது. விரலை விட்டபோது அதில் ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. மூளையில் இடது பக்கம். அதனால் வலது கை, பேச்சு இரண்டும் போயிருக்கிறது. "ஆனா ஆபரேஷன் சக்ஸஸ். வாசல் நல்லாத் திறந்துடுச்சு" என்றார். சிரித்த முகம் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பாவம், அவரும் சோர்ந்துபோயிருந்தார்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சு போனவளுக்குக் காதும் போய்விட்டது, புத்தியும் போய்விட்டது என்று எல்லாருமே நினைத்துவிட்டார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் செவிடரிடம் பேசுகிற மாதிரி, "நல்லா இருக்கியாஆஆ?" என்று கத்தினார்கள். பிறகு அதே மூச்சில் என் தலைமாட்டிலேயே நின்று, "இனி இவள வச்சு அவன் என்ன செய்வான்?" என்று பேசிக்கொண்டார்கள்.

மாறாமல் இருந்தது அந்தத் தெலுங்கம்மா மட்டும்தான். அவருக்கு நான் முன்னால் பேசியதும் புரியவில்லை, இப்போது பேசுவதும் புரியவில்லை. அதனால் அவருக்கு எதுவுமே நடக்கவில்லை! காலையில் எழுந்ததும் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். நான், "சீப்பு" என்றேன். அவர் அதற்குப் பதில் சொன்னார். "சீப்பு, சீப்பு?" என்று நான் கேள்வி மாதிரிக் கேட்டால், அதற்கு ஒரு நீண்ட பதில் வரும். நான் கோபமாகச் சொன்னால் சமாதானம் சொல்லுவார். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால், "தினு தல்லி, தினு" என்று ஊட்டிவிடுவார். தின்னு என்கிறார் என்று அது மட்டும் புரியும். அந்த வார்டில் என்னை ஒரு மனுஷியாக நினைத்துப் பேசியவர் அவர்தான். அவர் மட்டும் இல்லையென்றால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் ஊருக்குப் புறப்பட்டார். என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, உயிரில்லாத என் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார், நீ என்ன சொல்லுகிறாய் என்பதுபோல. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. "சீப்பு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்று இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் பெயர்கூடத் தெரியாது.

சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. காலை இழுத்து இழுத்து நடப்பேன். வீட்டு வாசலில் மதினி நின்றார். அவ்வளவு பேசுகிறவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயிலிலிருந்து, எந்த நோய்க்கும் மருந்து என்று எங்கள் ஊரில் நம்புகிற புற்றுமண் கொண்டுவந்தார். குழைத்து என் கையில் தோளிலிருந்து விரல் நுனிவரை பூசினார். காய்ந்ததும் வெந்நீரில் கழுவி, ஒவ்வொரு விரலாக நீவி, மடக்கி, நீட்டுவார். தினமும் இரண்டு வேளை. பாளையங்கோட்டை டாக்டரிடம் இதைச் சொன்னபோது, மண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நீவி விடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றார். விரல்கள் கெட்டியாகாமல் இருந்ததற்கு மதினி அம்பாளைக் கும்பிட்டார். நான் மதினியைக் கும்பிட்டேன்.

பேச்சு திரும்பியது ஒரு வேடிக்கை. ஒருநாள் காலையில் மதினி நெல் அவிக்க மரக்காலால் அளந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று போட்டுக்கொண்டே வந்தார். வாசலில் யாரோ கூப்பிட, "அஞ்சு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"ஆறு" என்றேன் நான்.

மதினி அப்படியே நின்றார். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. "ஏழு" என்று வந்தது. "எட்டு, ஒம்பது, பத்து." நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் மறுபடி போய்விடுமோ என்று சொல்லிக்கொண்டே போனேன். மதினி ரத வீதி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார். "ஏலே தம்பி, ஓடியாலே! இவ பேசுதா, இவ பேசுதா!"

அப்போதுதான் கண்டுபிடித்தோம். தனியாகக் கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் வராது. ஆனால் வரிசையாக மனப்பாடமாக இருந்தவை உள்ளே அப்படியே இருந்தன. எண்கள், கிழமைகள், வாய்ப்பாடு. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் திகைப்பேன். யாராவது "ஞாயிறு" என்று எடுத்துக்கொடுத்தால், திங்கள், செவ்வாய் என்று நடந்துபோய் வியாழனில் நின்றுகொள்வேன்.

என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் ஆபீசுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் சிலேட்டோடு என் எதிரே உட்காருவார். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடப்புத்தகம். அவர் படத்தைக் காட்டுவார், நான் சொல்ல வேண்டும். பசுவைக் காட்டினால் கதவு என்பேன். கதவைக் காட்டினால் திரும்பவும் கதவு என்பேன், இந்தத் தடவை சரியாக இருக்கும். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பத்துச் சொல் வந்தால் பெரிய நாள். அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். நான் ஒரு சொல்லுக்காகத் திணறும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்ப்பார். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். என்னைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அது மனசுக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மதினி கோயிலுக்குப் போயிருந்தார். என் கணவர் என் வலது கையை எடுத்து வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அது அவர் வேலை. நான் செய்ய முடியாதே. மூன்று விரல் முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ட்டி" என்றார். என் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு டாக்டர் உன்ன வெளிய இருக்கச் சொன்னார்லா. அப்பமே சொன்னார். கட்டி ஏதும் இருந்தா பிய்ச்சுக்கிட்டுப் போயி மூளையில அடைக்கலாம், கை கால் விழுந்துரலாம், பேச்சு போயிரலாம், சில பேருக்கு ஆகியிருக்குன்னு சொன்னார். ஆபரேஷன் செய்யலைன்னா நீ ரொம்ப நாள் இருக்க மாட்டேன்னும் சொன்னார். வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். பயந்துருவா, நான் சொல்லிக்கிடுதேன்னேன். சொல்லல."

எனக்கு உள்ளேயிருந்து கொதித்துக்கொண்டு வந்தது. என் உடம்பு, என் தலை, என் வாய். எல்லாவற்றையும் பற்றி இரண்டு ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்திருக்கிறார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சீப்பு!" என்றேன்.

ஆறு மாசமாக வராத சொல். என் வாழ்க்கையிலேயே பெரிய கோபத்துக்கு அதுதான் வந்தது. நானும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. இடது கையால் வலது கையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சிலேட்டை அவர் எடுத்துக்கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதினி பயந்துபோனார். "ஏலே, பேச்சு மறுபடி போயிட்டாலே? என்னமோ ஆயிப்போச்சு, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்று தம்பியைப் பிடுங்கி எடுத்தார். அவர், "ஒண்ணுமில்லக்கா, கோவத்துல இருக்கா" என்றார். "கோவமா? கோவம் வந்தாத்தான பேசணும்?" என்றார் மதினி. அவருக்கு அப்படித்தான்.

எனக்குப் பேச்சு போகவில்லை. நான் ஒரு வாக்கியம் செய்துகொண்டிருந்தேன். அவர் ஆபீசுக்குப் போனதும் சிலேட்டை எடுத்து இடது கையால் ஒரு சொல் எழுதுவேன். அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அது நின்றதும் பக்கத்தில் அடுத்த சொல். சில சமயம் இரண்டாவது சொல்லைப் பிடிப்பதற்குள் முதல் சொல் ஓடிவிடும். அழித்து மறுபடி எழுதுவேன். முதல்நாள் எழுதியதெல்லாம் திட்டுகிற சொற்களாகவே இருந்தன. இரண்டாம் நாள் அவற்றைப் படித்துப் பார்த்தேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்தேன். அவர் இருந்த இடத்தில் என்னை வைத்து யோசித்துப் பார்த்தேன். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் இது என்று கேட்டுவிட்டு, வெளியே வந்து என் முகத்தைப் பார்த்து, ஒண்ணுமில்லட்டி என்று சொன்ன மனுஷன். ஒரு வருஷமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். என்னைப் பார்க்கச் சகிக்காமல் இல்லை, அவருக்கு அவரையே சகிக்கவில்லை. கோபம் போகவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் எதிரே போய் நின்றேன். மனசுக்குள் சிலேட்டைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"என்கிட்ட... கேட்டிருந்தா... நானும்... சரின்னுதான்... சொல்லியிருப்பேன்." மூச்சு விட்டேன். நல்லவேளை, மூச்சுக்குக் குறைவில்லை. "ஆனா... என்கிட்ட... கேட்டிருக்கணும்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். கண்ணீரோடு, என்னை நேராகப் பார்த்து, விரலை மடக்கி எண்ணினார்.

"ஏட்டி, எட்டு வார்த்தைட்டி! எட்டு வார்த்தை சேர்ந்தாப்ல சொல்லிட்ட!"

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மதினி, எங்கள் இரண்டு பேருக்கும் என்னமோ ஆகிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கப்புறம் சொற்கள் வேகமாக வர ஆரம்பித்தன. அடுத்த பள்ளிக்கூட வருஷம் நான் வேலைக்குத் திரும்பினேன். தலைமை ஆசிரியை எனக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார். கரும்பலகையில் இடது கையால் நான் எழுதுகிற எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அந்தப் பிள்ளைகள் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் ஒரு சொல்லுக்காக நின்றால் முதலில் சிரிப்பார்கள். பழகியதும் ஆளுக்கு ஒன்றாக, "மரமா டீச்சர்? மாடா டீச்சர்?" என்று எடுத்துக்கொடுப்பார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மறுபடி பாளையங்கோட்டை டாக்டரிடம் போனோம். ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்பதற்காக. எனக்குப் பேச்சு போனதிலிருந்து எல்லாரும் செய்கிற மாதிரி, டாக்டரும் என் கணவரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். என் கணவர் எழுந்துவிட்டார். டாக்டருக்கு நேர் எதிரே இருந்த தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"அவகிட்டச் சொல்லுங்க சார். பதில் வாரதுக்குக் கொஞ்சம் நேரமாகும். நாம காத்திருக்கலாம்" என்றார்.

டாக்டர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். பிரசவம் இருதயத்துக்கு எவ்வளவு பாரம், மறுபடி ரத்தம் உறைந்தால் என்ன ஆகலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்பதையும். நான் மூன்று கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் பிடித்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரும் என் கணவரும் அசையாமல் இருந்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பேசினோம், வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்காக நான் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். ஆனால் அது எனக்குத் தெரியாமல் எடுத்த முடிவு இல்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மதினியும் இல்லை, என் கணவரும் இல்லை. அவசரமாகப் பேசினால் இன்னமும் சொல் மாறிப்போகும். அக்கம்பக்கத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். என் கையும் பேச்சும் போனதற்கு யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்றப் போன இடத்தில் நடந்த விபத்து அது. ஒருத்தியிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் வாயிலிருந்து பதில் வருகிறவரைக்கும் பொறுத்திருப்பது எவ்வளவு பெரிய அன்பு என்பதை மட்டும், பதில் சொல்ல முடியாமல் கிடந்த அந்த ஒரு வருஷம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.